முட்டிமேடு ஏறிய வண்டி

வெங்கடேசன் மினி லாரியைத் திருப்பி நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை.

"தம்பி, பலகையைப் போட்டு வண்டியை எறக்கிக்கோ. நான் கெளம்பறேன். பத்து மணிக்குள்ள கச்சிராயபாளையத்துல இருக்கணும். ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

"எங்கண்ணே கெளம்பறீங்க? இன்னைக்கு ஓட்டப்போறதே நீங்கதானே?"

"கலெக்டர் ஆபீஸ் முன்னாடி இன்னைக்கு ஊரே நிக்கும். உள் ஒதுக்கீடு கேட்டு நிக்கற எடத்துல நான் இல்லன்னா எப்படி? எம் பொண்ணு பிளஸ் டூ. நாளைக்கு அவளுக்கு ஒரு சீட்டு கெடைக்கலன்னா, அன்னைக்கு நீ எங்கப்பா இருந்தேன்னு கேப்பா. மலையில புல்லு வெட்டிக்கினு இருந்தேன்னு சொல்லட்டுமா?"

அறிவுச்செல்வன் இறங்கிப் பின்பக்கம் போனான். பலகையைப் போட்டான். சின்ன டிராக்டரை மெல்லப் பின்னால் இறக்கினான். லாரி புழுதி கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது. சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வதாகக் கத்திவிட்டுத்தான் போனார் வெங்கடேசன்.

கல்வராயன் மலையில், கார் வந்து சேர்கிற கடைசி ஊர் அது. தை பிறந்து பதினைந்து நாள் ஆகியும் பனி விலகவில்லை. சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குக் காயத் தொடங்கிய புல். நடுவில் அவனும், கிளட்ச் இல்லாத அந்த வண்டியும்.

புதன்கிழமை அரங்கநாதன் சொன்னது காதில் அப்படியே நின்றது. கள்ளக்குறிச்சியில் டிராக்டர் கடை வைத்திருக்கும் அரங்கநாதன் கோபக்காரர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர்.

"அறிவு, இது ரெண்டாவது தபா. வெள்ளிக்கிழமை அந்த மேட்ல வண்டி ஏறலன்னா கோயம்புத்தூர் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடறேன். நீ திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல உக்காந்துக்கோ. ஏறிடுச்சுன்னா மலைக்குன்னே ஒரு ஆள் போடறேன். அது நீதான்."

கவுண்டர் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. நிழல் உண்டு, மின்விசிறி உண்டு. ஆனால் கவுண்டருக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு தனியார் மருத்துவமனையின் கேட் இருந்தது. ஆடி மாதம் அந்தக் கேட்டுக்கு வெளியே அறிவுச்செல்வன் ஒன்பது நாள் நின்றிருந்தான். நோய்க்காலம். யாரையும் உள்ளே விடவில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கஞ்சி ஃபிளாஸ்க்கைக் காவலாளியிடம் கொடுப்பான். உள்ளே செந்தமிழ்ச்செல்வி இருந்தாள். பத்தாவது நாள் காலையில் ஃபிளாஸ்க் மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்.

அதன் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். பேருந்தில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டும் வேலையைக் கேட்டு வாங்கினான். திருநாவலூரில் அப்பா, "வூட்டுக்கு வாடா" என்று கூப்பிட்டபோதெல்லாம் வேறொரு ஊரில் இருந்தான். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டு ஓர் இரும்பு நாற்காலியில் உட்காருவதை நினைத்தாலே அவன் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவான்.

ஆகவே இன்று வண்டி ஏற வேண்டும்.

"இன்னா சார், டிரைவரு ஓடிட்டாரா?"

காத்தான் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மலை விவசாயிகள் குழுவுக்குத் தலைவர். தலையில் மப்ளர், வாயில் வெற்றிலை. பின்னால் பதினைந்து இருபது பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஆண்களில் பலர் பொங்கல் முடிந்த கையோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்த வண்டியே தேவைப்பட்டது. எலுமிச்சையும் பலாவுமாகப் பன்னிரண்டு ஏக்கர் சரிவு. மாசியில் புல் காய்ந்துவிடும். பங்குனியில் காட்டிலிருந்து தீ வரும். இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. ஒரே மத்தியானத்தில் நூற்று நாற்பது கன்று போய்விட்டது. மேல் ஓரத்தில் புல்லை வெட்டி, தீ உள்ளே வராதபடி தீத்தடம் போட ஆள் இல்லை. இருக்கிறவர்கள் அரிவாளோடு ஒரு மாதம் குனிந்தாலும் தீராது.

"ஓடல. போராட்டத்துக்குப் போயிருக்காரு" என்றான் அறிவுச்செல்வன்.

"போன தபா வண்டி படுத்துச்சு. இந்தத் தபா டிரைவரே படுத்துட்டாரு" என்றார் காத்தான். கூட்டம் சிரித்தது.

மார்கழியில் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. சரிவின் நடுவில், மரங்களுக்கு இடையில், ஒரு செங்குத்தான மேடு. ஏறும்போது முழங்கால் வந்து நெஞ்சில் முட்டும் என்பதால் அதற்கு முட்டிமேடு என்று பெயர். அதைத் தாண்டினால்தான் மேல் ஓரம். வெங்கடேசன் மூன்று முறை ஏற்றினார். மூன்று முறையும் பாதியில் என்ஜின் திணறி, இருமி, நின்றுவிட்டது. "சேத்துல எருமை படுத்த மாதிரி" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் இன்றும் வந்திருந்தாள். பொன்னாயி. நாற்பது வயதிருக்கும். கையில் அரிவாள், இடுப்பில் சுருட்டிச் செருகிய சாக்கு.

அறிவுச்செல்வன் வண்டிமேல் கட்டியிருந்த அட்டையை எடுத்தான். கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து அவனே தமிழில் எழுதி, பிளாஸ்டிக் போட்டு வைத்திருந்தான். இன்ஜினீயரிங் படித்தவன். எழுத்து சுத்தமாக இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"இந்த வண்டியில கியர் மாத்தற வேலை இல்லீங்க. என்ஜின் ஒரு எண்ணெய் பம்பைச் சுத்துது. அந்த எண்ணெய் போய் சக்கரத்தைத் தள்ளுது. வலது காலுல ஒரு பெடல். அமுக்கினா போவும். காலை எடுத்தா தானா நின்னுடும். பிரேக்கு எடது பக்கம், மத்த வண்டியில கிளட்ச் இருக்கற எடத்துல."

"அப்ப கிளட்சு?"

"கிடையாது. இப்ப இதைக் கவனியுங்க. மேட்ல ஏறும்போது வண்டி திணறுச்சுன்னா பெடலை அமுக்கக் கூடாது. தூக்கணும். வேகம் கம்மியாவும், இழுவை ஜாஸ்தியாவும். அமுக்கினா வேகம் கேக்குதுன்னு எண்ணெய் எல்லாம் வேகத்துக்கே போயிடும், பலம் போயிடும். அப்புறம், எறக்கத்துல இந்தச் சின்ன கைப்பிடியை நடுவுக்குத் தள்ளவே கூடாது. தள்ளுனா எண்ணெயோட பிடி விட்டுடும். வண்டி உருண்டுடும்."

"எல்லாம் தலைகீழா இல்ல இருக்குது" என்றார் காத்தான்.

"தலைகீழ்தான். அவ்ளோதான் விஷயம்."

இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். புல்வெட்டியை ஓடவிட்டான். பின்னால் தகடுகள் சுழன்று புல்லை அடித்துத் தூளாக்கின. கீழ்ச் சரிவில் வண்டி நல்ல பிள்ளை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. வரிசை ஒன்று முடிந்தது. பின்னால் சரியாக வெட்டுகிறதா என்று பார்க்க இருக்கையிலிருந்து எழுந்து திரும்பினான். டப். என்ஜின் நின்றது.

"படுத்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்லீங்க. நான் எழுந்ததால நின்னுச்சு. சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்சு இருக்குது. தகடு சுத்தறப்ப ஆள் எழுந்தா என்ஜினை நிறுத்திடும். ஆள் விழுந்து தகடுல மாட்டிக்கக் கூடாதுன்னு."

திரும்பக் கிளப்பினான். அடுத்த வரிசையில் மறுபடி எழுந்தான். மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் எழுந்தான். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"சார், சீட்ல முள்ளு கிள்ளு இருக்குதா?" என்றாள் பொன்னாயி. "உக்கார மாட்டேன்னு வேண்டுதலா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை.

முட்டிமேட்டுக்கு நேராக வண்டியை நிறுத்தினான். குறுக்கே போனால் சாய்ந்துவிடும். நேராகத்தான் ஏற வேண்டும், நேராகத்தான் இறங்க வேண்டும். மூக்கு தூக்காமல் இருக்க முன்னால் இரும்புப் பாளங்களை மாட்டியிருந்தான். என்ஜின் வேகத்தைக் கைப்பிடியில் முழுசாக வைத்தான். சின்னக் கைப்பிடியை மெதுவான ஓட்டத்தில் போட்டான். எல்லாம் அட்டையில் இருந்தபடி.

ஏறியது. பத்தடி ஏறியது. இருபதடி. மேடு செங்குத்தாகும் இடத்தில் என்ஜினின் சத்தம் கனத்தது. தலையில் ஒருவன் மூட்டையை ஏற்றிவிட்டதுபோல் குரல் உள்ளே இறங்கியது. அறிவுச்செல்வனின் வலது கால் அமுக்கியது. என்ஜின் நின்றது.

பிரேக்கை மிதித்துப் பிடித்தான். தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதை எழுதியவனே அவன்தான். வெங்கடேசனுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறான். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவின் டிராக்டரில் ஓட்டிப் பழகிய கால் அது. வண்டி முக்கினால் அமுக்கு என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

இறக்கினான். மறுபடி ஏற்றினான். மறுபடி அதே இடம். இந்த முறை தூக்கு, தூக்கு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். சத்தம் கனத்ததும் கால் பலகையோடு பலகையாக அமுங்கியது. நின்றது. மூன்றாவது முறையும் நின்றபோது காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வுடு சார். உனக்கும் வேலை கெடுது, எங்களுக்கும் வேலை கெடுது. வா, வந்து கூழு குடிச்சிட்டுப் போ."

கூட்டம் கலையத் தொடங்கியது. அவன் வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி இறங்கினான். மூன்று சுற்று வண்டியைச் சுற்றி நடந்தான். நாற்காலியும் மின்விசிறியும் கேட்டும் கண்முன் வந்து நின்றன.

"சார், நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கட்டா?"

பொன்னாயி அரிவாளை ஓர் எலுமிச்சைக் கிளையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க டிராக்டர் ஓட்டியிருக்கீங்களாக்கா?"

"சைக்கிளே ஓட்டுனதில்ல."

"ஏண்டி, இன்ஜினீரே முடியலன்னு எறங்கிட்டாரு. நீ இன்னா பண்ணப்போற?" என்றார் காத்தான்.

"அவரு சொன்னதைச் செஞ்சு பாக்கறேன் மாமா. அவரு சொன்னதை அவரே செய்யல. யாராச்சும் ஒருத்தர் செய்யணும் இல்ல?"

இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை. அவளை உட்காரவைத்தான். பெடலைக் காட்டினான், பிரேக்கைக் காட்டினான். சமதளத்தில் பத்து முறை நகர்த்தி நிறுத்தச் சொன்னான். அவள் வெறுங்காலால் பெடலைத் தடவிப் பார்த்தாள். மாட்டின் முதுகைத் தடவுவதுபோல். பத்து முறையும் அலுங்காமல் நின்றது. பிறகு பக்கத்தில் அவன் நடக்க, முட்டிமேட்டில் ஏற்றினாள்.

பத்தடி. இருபதடி. சத்தம் கனத்தது. அறிவுச்செல்வனின் கால் செருப்புக்குள் தரையை அமுக்கியது. பொன்னாயியின் கால் மேலே வந்தது. அரை விரல்கடை அளவு. அவ்வளவுதான். கனத்த குரல் தெளிந்தது. வண்டி நடையைச் சுருக்கிக்கொண்டு, ஆனால் நிற்காமல், ஏறிக்கொண்டே போனது. பின்னால் புல் மடமடவென்று விழுந்தது. பாறை ஓரத்தில் இன்னும் கனத்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சுற்றியது. கீழே கலைந்துபோனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். மேட்டின் உச்சியில் காலை முழுசாக எடுத்தாள். வண்டி நின்றது.

"எப்படிக்கா?" என்றான் அவன். மூச்சு வாங்கியது.

"இன்னா எப்படி? தலையில மரவள்ளி மூட்டையை வெச்சிக்கினு இந்த மேட்ல ஏறும்போது எட்டி எட்டி அடி வைப்பியா? பாரம் ஏறுனா அடி சின்னதாவும். இதுவும் அதைத்தான் கேக்குது. உன் காலுக்குத்தான் காது கேக்கல."

காத்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழிருந்து கத்தினார். "எடுத்துக்கலாம் சார்! வண்டி எங்களுக்குத்தான்!"

அந்த ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது முட்டிமேட்டு உச்சியில் மட்டும்தான். இவ்வளவு நேரம் சும்மா இருந்த ஃபோன் சட்டைப்பையில் அதிர்ந்தது. அரங்கநாதன்.

"இன்னாப்பா, பத்து தபா போடறேன். இன்னா ஆச்சு?"

"ஏறிடுச்சு சார். எடுத்துக்கறாங்க."

"அட! வெங்கடேசன் போராட்டத்துல நிக்கறான்னு இப்பத்தான் ஒருத்தன் சொன்னான். அப்ப யாரு ஏத்துனது?"

பொன்னாயி இருக்கையில் உட்கார்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடி தூரம்கூட இல்லை.

"நான்தான் சார்."

"பரவால்லியே! சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். மலைக்கு நீதான்."

ஃபோனை வைத்தான். பொன்னாயி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து கீழே குதித்தாள். அவள் எழுந்ததும் என்ஜின் நின்றது. சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"அப்ப எறக்கறதையும் நீயே எறக்கிடு சார்" என்றாள். "நீதானே ஏத்துன?"

மறுக்க வழியில்லை. கீழே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து கிளப்பினான். தகட்டை நிறுத்திவிட்டு மூக்கைக் கீழே திருப்பினான். முதல் முப்பதடி ஒழுங்காக இறங்கியது. கால் பட்டும் படாமலும் இருக்க, எண்ணெயே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. என்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. அந்த உறுமல்தான் கெடுத்தது. திருநாவலூர் ஏரிக்கரையிலிருந்து வண்டி இறக்கும்போதெல்லாம் அப்பா பின்னாலிருந்து கத்துவார்: எறக்கத்துல எதுக்குடா டீசலைக் கொளுத்தற, நியூட்ரல்ல வுடுறா. அந்தப் பக்கத்துச் சமவெளியில் டிராக்டர் ஓட்டும் அத்தனை பேருக்கும் அதே பழக்கம்தான். அறிவுச்செல்வனின் கை, அவனைக் கேட்காமலேயே, கைப்பிடியை நடுவுக்குத் தள்ளியது.

உறுமல் நின்றது. ஒரு நொடி சுகமாக இருந்தது. பிறகு வண்டி ஓடத் தொடங்கியது.

வலது காலால் பிரேக்கை மிதித்தான். அங்கே பிரேக் இல்லை, பெடல்தான் இருந்தது. நியூட்ரலில் கிடக்கும் வண்டிக்கு அதை மிதித்து என்ன பயன்? மறுபடி மிதித்தான். "எடது காலு! எடது காலு!" என்று மேலிருந்து பொன்னாயி கத்துவது கேட்டது. இடது காலால் மிதித்தபோது வண்டி வரிசையை விட்டு விலகி, ஓர் எலுமிச்சைக் கன்றை அப்படியே மடக்கி, உன்னி முட்புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றிருந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் முள் கீறியிருந்தது. வண்டியின் முன்பக்கம் ஒரு சிராய்ப்பு. பொன்னாயி வந்து சக்கரத்துக்கு அடியிலிருந்து கன்றை உருவினாள். அடியோடு ஒடிந்திருந்தது. அந்த வரிசை அவளுடையது. தீக்குப் பிறகு வைத்த கன்று. ஒரு கிளையில் பச்சையாக நாலைந்து காய் பிடித்திருந்தது.

"ரெண்டு கோடை இதுக்குத் தண்ணி தூக்கினேன்" என்றாள். கத்தவில்லை. கன்றை அவன் கையில் கொடுத்தாள். "இந்தா. இதையும் உங்க மொதலாளிகிட்ட சொல்லிடு. நான்தான் எறக்குனேன்னு."

என்ன விஷயம் என்று காத்தான் கேட்டார். அவள் அவனைப் பார்த்தாள்.

அறிவுச்செல்வன் கன்றைக் கையில் வைத்துக்கொண்டே முட்டிமேட்டில் ஏறினான். முழங்கால் நெஞ்சில் முட்டியது. உச்சிக்குப் போய் ஃபோனை எடுத்தான்.

"சார், ஏத்துனது நான் இல்ல."

"இன்னாது?"

"பொன்னாயின்னு இந்த ஊர்க்காரங்க ஏத்துனாங்க. நான் மூணு தபா ஏத்தி மூணு தபாவும் நின்னுடுச்சு. எறக்கறப்ப நியூட்ரல்ல வுட்டுட்டேன். அவங்க கன்னு ஒண்ணு போச்சு."

கடைக்கு வெளியே போராட்டத்துக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

"உனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல சார்."

"வண்டிக்கு?"

"சிராய்ப்புதான்."

"அந்தம்மா முன்னப்பின்ன ஓட்டுனதே இல்லியா?"

"சைக்கிள்கூட ஓட்டுனதில்லையாம்."

"அப்ப அவங்கதான்யா நமக்கு வேணும்" என்றார் அரங்கநாதன். குரலில் வியாபாரி விழித்துக்கொண்டிருந்தான். "மலைக்கு அவங்க ஓட்டிக் காட்டுனா போதும், பாக்கறவன் வாங்கிடுவான். நம்பர் வாங்கிக்கினு வா. சம்பளத்தை நானே பேசிக்கறேன். நீ திங்கக்கிழமை கவுண்டருக்கு வந்துடு."

"சரிங்க சார்."

"வேற இன்னா?"

"கவுண்டர் சேரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கட்டுமா சார்? ரோட்டைப் பாக்காத மாதிரி?"

ஏன் என்று அரங்கநாதன் கேட்கவில்லை. அவர் கடைக்கு எதிரே இருப்பது எது என்று அவருக்கும் தெரியும். "எப்படி வேணா போட்டுக்கோப்பா" என்றார் மெதுவாக. "ஆனா வர்றவன் மூஞ்சியைப் பாத்துப் பேசணும். அவ்ளோதான்."

கீழே இறங்கியபோது காத்தானிடம் தானே எல்லாவற்றையும் சொன்னான். காத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார்.

"வண்டி மேல தப்பு இல்ல. எடுத்துக்கறோம். ஆனா ஒரு கண்டிஷன். பொன்னாயிதான் ஓட்டணும். நீ கிட்டவே வரக் கூடாது."

இந்தத் தடவை கூட்டத்தோடு சேர்ந்து பொன்னாயியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஓடை கீழே இருந்தது. புதுக் கன்று ஒன்று பையோடு தயாராக இருந்தது.

அவன் குழி தோண்டினான். தண்ணீருக்குப் போனான். முதல் நடையில் அவசரமாக எட்டி எட்டி ஏறியதில் பாதித் தண்ணீர் சட்டையில்தான் ஊற்றியது. இரண்டாவது நடையில் கொஞ்சம் மிஞ்சியது. நாலாவது நடையில் குடம் தளும்பவில்லை. மேலே தீத்தடத்தில் பொன்னாயி போய்வந்துகொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் மேல் ஓரம் முழுக்க ஒரு பாதைபோலத் தெளிந்துவிட்டது. பிறகு அவளுக்கு எண்ணெய் பார்க்கவும், தகடு கூர்தீட்டவும், கிரீஸ் வைக்கவும் சொல்லிக்கொடுத்தான். ஒரு தடவை சொன்னால் போதுமாயிருந்தது.

சாயங்காலம் வெங்கடேசன் வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"ஏறுச்சா?" என்றார் காற்றுக் குரலில்.

"ஏறுச்சு. உங்களுக்கு?"

"மனு குடுத்திருக்குது. பாப்போம்." காலி லாரியைப் பார்த்தார். "வண்டி எங்க?"

"வித்தாச்சு."

"அப்ப இனிமே நாம இன்னா பண்றது?"

அறிவுச்செல்வன் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான். மலையிறக்கம் முழுக்க வெங்கடேசன் லாரியை நியூட்ரலில்தான் விட்டார். கோமுகி அணையின் விளக்குகள் தெரியும்வரை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். சுவரைப் பார்த்தபடி அரைமணி நேரம் இருந்தான். வாங்க வந்தவர்கள் முதுகோடு பேசினார்கள். எழுந்தான், நடந்தான், பெல்ட்டுகளை அடுக்கினான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. முட்டிமேட்டு உச்சியிலிருந்து.

"சார், பொன்னாயி பேசறேன். வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. சாவி போட்டாச்சு, டீசல் இருக்குது. நானும் கீழ எறங்கி சுத்திச் சுத்திப் பாத்துட்டேன்."

"கீழ நின்னுக்கினேவா சாவியைத் திருப்புறீங்க?"

"ஆமா. கை எட்டுதே."

"அப்படி ஆவாதுக்கா. ஏறி உக்காருங்க. ஆள் உக்காந்தாதான் அது ஸ்டார்ட் ஆவும்."

"இரு, ஃபோனை வெச்சிடாத."

காத்திருந்தான். நின்றுகொண்டிருந்ததால் எதிரே கேட் தெரிந்தது. ஒரு பெண் கையில் ஃபிளாஸ்க்கோடு காவலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காவலாளி கேட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டான். இப்போதெல்லாம் விடுகிறார்கள்.

காதில் என்ஜின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அதற்குமேல் பொன்னாயியின் குரல், ஏதோ கத்திச் சொன்னது, புரியவில்லை. சத்தம் கனத்தது, தெளிந்தது, பிறகு சீராக ஓடியது.

அவன் நாற்காலியை இழுத்துச் சாலையைப் பார்த்துப் போட்டான். உட்கார்ந்தான்.

"ஒரு ஆயில் ஃபில்டர் குடுங்க" என்றான் வாசலில் வந்து நின்றவன்.

"எந்த வண்டிக்கு?" என்று கேட்டான், அவன் முகத்தைப் பார்த்து.